பல் கம்பி கட்டும் வயது

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். வகுப்புப் புகைப்படத்தில் நாற்பது பேர் சிரிக்கிறார்கள். அவள் மட்டும் உதட்டை இறுக்கி மூடியிருக்கிறாள். வீட்டில் சிரிப்பு வந்தால்கூட கை தானாக வாய்க்குப் போகிறது. ஒருநாள் ராத்திரி, தட்டில் சோற்றைப் பிசைந்தபடியே, "ப்பா, எனக்குப் பல்லுக்குக் கம்பி கட்டணும்" என்கிறாள்.

அப்பாவுக்குச் செலவுதான் முதலில் கண்ணில் படுகிறது. "உங்க அத்தைக்கும் இதே பல்லுதான், கல்யாணம் நடக்கலியா?" என்கிறாள் அம்மா. "தெத்துப்பல்லு அதிர்ஷ்டம், யாரும் கைவைக்காதீங்க" என்று பாட்டி திண்ணையிலிருந்தே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். மூன்று பேரும் பல்லைப் பற்றிப் பேசிவிட்டார்கள். பிள்ளையின் மனசில் என்ன என்று இன்னும் யாரும் கேட்கவில்லை.

இந்த அத்தியாயம் 11 முதல் 18 வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கானது. கடலூர் மாவட்டத்தில் புவனகிரி, கீரப்பாளையம், சேத்தியாத்தோப்புப் பக்கத்துக் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியது. கம்பி கட்டலாமா, எப்போது, எங்கே, கட்டியபின் பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதெல்லாம் இதில் வரும். கூடவே, கம்பியால் சரியாகாத ஒன்றை எப்படி அடையாளம் காண்பது என்பதும் வரும்.

முதலில் மூன்று கேள்விகள்

"எதுக்கு?" என்று கேட்டால் "சும்மாதான்" என்ற பதில்தான் வரும். அந்த வயதில் 'எதுக்கு' என்பது போலீஸ் விசாரணை மாதிரிக் கேட்கும். வண்டியில் போகும்போதோ, துணி மடிக்கும்போதோ, முகம் பார்க்காமல் பேசக்கூடிய ஒரு நேரத்தில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்.

1. "எப்பலேர்ந்து இப்படித் தோணுது?"
2. "யாராவது ஏதாவது சொன்னாங்களா?"
3. "பல்லு சரியாயிட்டா முதல்ல என்ன பண்ணுவ?"

மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைக் கவனமாகக் கேளுங்கள். "போட்டோல சிரிப்பேன்", "கொய்யாப் பழத்தைக் கடிச்சுத் தின்பேன்" என்றால், அவை கம்பியால் ஆகக்கூடிய காரியங்கள். "எல்லாரும் என்கூடப் பேசுவாங்க", "அப்பதான் நான் ஸ்கூலுக்கே போவேன்" என்று பதில் வந்தால், பிள்ளை கம்பியிடம் அதன் சக்திக்கு மீறிய வேலையை ஒப்படைத்திருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். அதற்காகக் கம்பி வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. பல் மருத்துவரைப் பார்க்கும் அதே வாரத்திலேயே மனசுக்கான வேலையையும் தொடங்கிவிட வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால் உடனே கோபப்பட்டுப் பள்ளிக்குக் கிளம்பிவிடாதீர்கள். முழுவதையும் கேளுங்கள். 'தேங்காய்த் துருவி', 'எலிப்பல்லு', 'பல்லன்' ஆகியவை நம் பக்கத்துப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக ஓடும் பட்டப்பெயர்கள். சொல்கிறவனுக்கு அது விளையாட்டு. தினமும் பத்துத் தடவை கேட்கிறவளுக்கு அதுவே பெயராகிவிடுகிறது. லண்டனில் பல் சீரமைப்புக்கு வந்த 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் நடத்தி 2011ல் வெளியான ஓர் ஆய்வில், ஏறக்குறைய எட்டில் ஒரு பிள்ளை தான் கேலி வதைக்கு ஆளாவதாகச் சொன்னது. அப்படிச் சொன்ன பிள்ளைகளில் சிலரை, சிகிச்சை தொடங்கியபின் மறுபடி கேட்டபோது, பெரும்பாலோர் கேலி நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும் கம்பி உதவக்கூடிய இடம் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

கேலி பள்ளியில் என்றால் வகுப்பாசிரியரிடம் நிதானமாகப் பேசுங்கள். அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் தங்கள் குறையை எழுதிப் போட 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. பல நேரம் கேலி வீட்டில்தான் தொடங்குகிறது. "இந்தப் பல்லை வெச்சுக்கிட்டு எவன் கட்டுவான்?" என்று விசேஷ வீட்டில் சிரித்துக்கொண்டே சொன்ன மாமாவை அந்தப் பிள்ளை மறக்காது. ஆகவே சிகிச்சையின் முதல் படியை இன்று ராத்திரியே, காசில்லாமல் தொடங்கலாம். இனி இந்த வீட்டில் யாருடைய பல்லைப் பற்றியும் தமாஷ் கிடையாது என்று எல்லோரும் சேர்ந்து முடிவெடுங்கள். பிள்ளை காதில் விழும்படியே அதைச் சொல்லுங்கள்.

கம்பியால் எது ஆகும், எது ஆகாது

1981ல் பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில், கார்டிஃப் நகர ஆய்வாளர்கள் 11, 12 வயதுப் பிள்ளைகள் 1,018 பேரின் பல் அமைப்பையும் மனநிலையையும் பதிவு செய்துவைத்தார்கள். சிலர் பிறகு கம்பி கட்டிக்கொண்டார்கள். தேவையிருந்தும் சிலர் கட்டவில்லை. 20 ஆண்டு கழித்து, 2001ல், அவர்களில் 337 பேரைத் தேடிப்பிடித்து மறுபடி பரிசோதித்தார்கள். முப்பது வயதைத் தாண்டிய அவர்களில், கம்பி கட்டியவர்களின் பல்வரிசை நன்றாக இருந்தது. தங்கள் பல்லைப் பற்றி அவர்களுக்குத் திருப்தியும் கூடுதல். தன்மதிப்பு, மனநலம், வாழ்க்கையில் நிறைவு என்று பார்த்தபோது, கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. சிறு வயதில் தன்னைப் பற்றி நல்ல எண்ணம் இருந்த பிள்ளைக்கு வளர்ந்த பிறகும் அது இருந்தது.

ஆஸ்திரேலியாவில் அடிலெய்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இதே மாதிரி ஒரு முடிவுக்கு வந்தார்கள். 1988, 1989ல் 13 வயதாயிருந்த 448 பேரை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பிள்ளைகள் 30 வயதை எட்டியபோது, கம்பி கட்டியதால் தன்னம்பிக்கை கூடியதாகத் தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு "அப்ப கம்பியே வேணாம்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் சிரிக்கச் சொல்லும் ஊரும் கார்டிஃபும் ஒன்றல்ல. அதோடு, பல்லைப் பற்றிய திருப்தியும் சின்ன விஷயமில்லை. இந்த ஆய்வுகளிலிருந்து பெற்றோர் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: கம்பி பல்லை நகர்த்தும், சிரிக்கும்போது இருந்த கூச்சத்தைக் குறைக்கும். "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று நினைக்கும் பிள்ளையின் நினைப்பை அது நகர்த்தாது. அந்த வேலை வீட்டில், பேச்சில், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் நடக்க வேண்டியது.

எதற்கு அவசரம், எதற்குப் பொறுக்கலாம்

எல்லாக் கோணல் பல்லுக்கும் கம்பி தேவையில்லை. கார்டிஃப் ஆய்வை நடத்தியவர்களில் ஒருவரான ஷாவும், ப்ரூக் என்பவரும் சேர்ந்து 1989ல் வெளியிட்ட ஓர் அளவுகோலை உலகம் முழுக்கப் பல் சீரமைப்பு மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள். அதன் ஒரு பாதி, பல்லின் ஆரோக்கியத்துக்கு எவ்வளவு தேவை என்று 1 முதல் 5 வரை தரம் பிரிக்கிறது. மேல் முன்பல், கீழ்ப்பல்லைவிட 6 மில்லிமீட்டருக்கு மேல் முன்னால் வந்திருந்தால் நான்காம் படி. 9 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஐந்தாம் படி. அப்படித் துருத்திய பல், சைக்கிளிலிருந்து விழுந்தாலோ கபடியில் முட்டினாலோ எளிதில் உடையும். இவை தவிர, கீழ்க்கண்டவை இருந்தாலும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்:

- 13 வயது ஆகியும் கோரைப்பல் ஒரு பக்கம் முளைக்காதிருப்பது (எலும்புக்குள்ளேயே சிக்கியிருக்கலாம்)
- வாயை மூடும்போது கீழ்ப்பல் மேல்பல்லுக்கு முன்னால் வருவது
- கீழ்ப்பல் மேல் அண்ணத்தில் குத்திப் புண்ணாக்குவது
- தாடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு மூடுவது

கீழ்த்தாடை பின்தங்கியிருந்தால், உடம்பு சட்டென்று உயரும் வருஷங்களில்தான் அதைத் திருத்துவது எளிது. பெண் பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் 10 முதல் 12 வயது, பையன்களுக்கு 12 முதல் 14. அந்தக் காலம் போய்விட்டால் வழி குறையும். இவை எதுவுமின்றி முன்பல் லேசாகத் திரும்பியிருக்கிறது, நடுவில் சின்ன இடைவெளி, ஒரு தெத்துப்பல் என்றால் அவசரமில்லை. பிள்ளை தானாக விரும்பும் வரை காத்திருக்கலாம். பிள்ளைக்கு வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். அம்மாவின் ஆசைக்காகக் கம்பி கட்டிய பிள்ளை, துலக்குவதையும் கம்பியில் ரப்பர் மாட்டுவதையும் அம்மாவிடமே விட்டுவிடும்.

அந்த அளவுகோலின் மறுபாதி பத்துப் புகைப்படங்கள், அழகான வரிசையிலிருந்து கோணல் வரிசைவரை. தன் பல் எதைப்போல் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இதை வீட்டிலேயே எளிமையாகச் செய்து பார்க்கலாம். பிள்ளை தன் பல்லுக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று ஒரு தாளில் எழுதட்டும். நீங்களும் தனியாக எழுதுங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நல்லது. நீங்கள் எட்டு போட்ட இடத்தில் பிள்ளை ஒன்று போட்டிருந்தால், அந்தத் தாளை வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்குங்கள்.

இன்னொன்று, தம்பி தங்கைகளுக்கு. விழுந்த பால்பல்லைக் கூரைமேல் எறிவதோடு நம் வீடுகளில் பால்பல்லின் கதை முடிந்துவிடுகிறது. சொத்தையால் பால்பல்லை முன்கூட்டியே பிடுங்கிவிட்டால், பக்கத்துப் பல் அந்த இடத்தில் சாய்ந்து, நிலைப்பல்லுக்கு வழி அடைபடும். பால்பல் சொத்தையை அடைப்பது, பின்னால் கம்பி கட்டும் தேவையைக் குறைக்கும் மலிவான வழி.

அண்ணாமலைநகருக்குப் போகும் நாள்

புவனகிரிக்காரர்களுக்குப் பெரிய வசதி பக்கத்திலேயே இருக்கிறது. வெள்ளாற்றுப் பாலத்தைக் கடந்து சிதம்பரம் போய், ரயில் பாதைக்குக் கிழக்கே அண்ணாமலைநகருக்குப் போனால், 1980ல் தொடங்கிய ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2021ல் அரசு அதை மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றியது. இப்போது கடலூர் மாவட்ட அரசு பல் மருத்துவக் கல்லூரி என்று பலகை சொன்னாலும், பேச்சில் பழைய பெயர்தான் வருகிறது. பல் சீரமைப்புக்கென்று அங்கே தனித் துறை உண்டு.

ஓபி சீட்டு வாங்கி முதலில் பொதுப் பரிசோதனை. அங்கிருந்து பல் சீரமைப்புத் துறைக்கு அனுப்புவார்கள். எக்ஸ்ரே, புகைப்படம், பல் அச்சு எல்லாம் எடுத்தபிறகே திட்டம் சொல்வார்கள். முதல் நாளே கம்பி கட்டிவிட மாட்டார்கள். கூட்டம் இருக்கும். பள்ளி விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும். ஒரு பாட்டில் தண்ணீரும் சாப்பாடும் கொண்டுபோங்கள்.

கேட்க வேண்டியவை:

- எத்தனை மாதம் ஆகும்? (பொதுவாக ஒன்றரை முதல் இரண்டு வருஷம்)
- எத்தனை நாளுக்கு ஒரு தடவை வர வேண்டும்? (பெரும்பாலும் நாலு முதல் ஆறு வாரம்)
- பல் பிடுங்க வேண்டுமா? எத்தனை?
- இப்போது கட்டாவிட்டால் என்ன ஆகும்?
- பார்க்கிற மருத்துவர் படிப்பு முடித்துப் போய்விட்டால் யார் தொடர்வார்?

கடைசிக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேளுங்கள். கல்லூரி மருத்துவமனையில், பேராசிரியர் மேற்பார்வையில் முதுகலை மாணவர்கள்தான் சிகிச்சை செய்வார்கள். அந்தப் படிப்பு மூன்று வருஷம். நடுவில் மருத்துவர் மாறலாம். ஒரு வருஷமாகத் தன்னிடம் சிரித்துப் பேசிய டாக்டர் அக்கா திடீரென்று இல்லை என்றால் பிள்ளை சுருங்கிப்போகும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்த அதிர்ச்சி இருக்காது.

தனியார் கிளினிக்கில் கட்டுவதாக இருந்தால், கட்டப்போகிறவர் பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். படித்தவரா என்று கேளுங்கள். சின்ன ஊர்களில் அந்த மருத்துவர் குறிப்பிட்ட நாளில் மட்டும் வந்து போவது வழக்கம். மற்ற நாளில் கம்பி குத்தினால் யாரைப் பார்ப்பது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். சொல்லும் தொகையில் கம்பியைப் பிடித்துக்கொள்ளப் பல்லில் ஒட்டும் பிராக்கெட் உடைந்தால் மாற்றுவதும், கடைசியில் தரும் ரீடெய்னரும் அடங்குமா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு வருஷத்தில் ஏறக்குறைய இருபது தடவை பாலத்தைக் கடக்க வேண்டியிருக்கும். ஒவ்வொன்றும் ஒருவருடைய கூலி நாள். கார்த்திகை மழையில் பஸ் ஓடாத நாளும் வரும். யார் கூட்டிப்போவது என்று முதலிலேயே முறை வைத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் மருத்துவர் கேட்கும் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். பல்லும் வலியும் பிள்ளையினுடையவை. பதில் அங்கிருந்தே வரட்டும்.

ஒரு பயத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். இடம் போதாத வாயில் கடைவாய்ப்பல்லுக்கு முன்னால் இருக்கும் சிறு பற்களில் இரண்டையோ நான்கையோ எடுக்கச் சொல்வார்கள். "மேல்பல்லைப் பிடுங்கினா கண்ணு போயிடும்" என்று வீட்டில் ஒருவர் கட்டாயம் சொல்வார். பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வைக்கான நரம்பு வேறு. கண் போகாது. ஆனால் இதைக் கேட்டுப் பிள்ளை ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடக்கும். ஆகவே பெரியவருக்கும் சேர்த்தே விளக்குங்கள்.

முதல் பத்து நாள்

நாள் பார்ப்பதென்றால் பள்ளி நாள்காட்டியைப் பாருங்கள். பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைக்குப் பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதங்களில் தொடங்க வேண்டாம். ஆண்டுத் தேர்வு முடிந்த கோடை விடுமுறை நல்ல நேரம்.

கட்டிய சில மணி நேரத்தில் பல்லெல்லாம் நோகத் தொடங்கும். மறுநாள் அதிகமாகும். ஒரு வாரத்துக்குள் தணியும். மருத்துவர் சொன்ன அளவில் வலி மாத்திரை, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் போதும். கன்னத்தில் கம்பி உராய்ந்தால், மருத்துவமனையில் தரும் மெழுகை உருட்டி அந்த இடத்தில் ஒட்டலாம். பேச்சு கொஞ்சம் குழறும். எச்சில் ஊறும்.

இந்த நாட்களில் பிள்ளையின் மனசும் இறங்கும். கம்பி கட்டிய முதல் வாரங்களில் சாப்பாடு, பேச்சு, சிரிப்பு எல்லாமே முன்னைவிடக் கஷ்டமாக இருப்பதாகப் பிள்ளைகள் சொல்வது வழக்கம். அழகாவதற்காகக் கட்டியது, கண்ணாடியில் முன்னைவிட மோசமாகத் தெரிகிறது. "நீதானே கேட்ட?" என்ற வார்த்தையை அந்த வாரத்தில் மட்டுமல்ல, அந்த இரண்டு வருஷத்திலும் சொல்லாதீர்கள். "நோவுது இல்ல? இந்த வாரம் அப்படித்தான் இருக்குமாம், அடுத்த வாரம் கொறையும்" என்றால் போதும்.

தட்டில் என்ன வைப்பது

மென்மையான சாப்பாட்டுக்கு நம் பக்கத்தில் பஞ்சமில்லை. இட்லியும் சிதம்பரம் கொத்சுவும் கம்பி கட்டிய வாய்க்கென்றே செய்ததுபோல் இருக்கும். இடியாப்பம், குழைந்த பொங்கல், ரசம் சாதம், தயிர்ச் சாதம், அவித்த முட்டை, முள் எடுத்த மீன் எல்லாம் சரி.

வேண்டாதவை: முறுக்கு, தட்டை, சீடை, கடலை உருண்டை, எலும்பு, ஐஸ் கட்டி, பபுள்கம். கொய்யா, மாங்காய், கேரட்டை முன்பல்லால் கடிக்காமல் சிறிதாக நறுக்கி மெல்லலாம். பொங்கலுக்கு எல்லோரும் கரும்பு கடிக்கும்போது அந்தப் பிள்ளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும். சாறு பிழிந்து கொடுங்கள், குடித்ததும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

இதில் மனசு சம்பந்தப்பட்ட சங்கதி மதிய சாப்பாட்டு நேரம். கம்பியில் கீரை சிக்கியதை ஒருத்தி பார்த்துச் சிரித்துவிட்டால், மறுநாள் டப்பா நிறையச் சோற்றோடு வீட்டுக்குத் திரும்பும். கேட்டால் "பசிக்கல" என்பார்கள். சின்னக் கண்ணாடி, டூத் பிரஷ், தண்ணீர் பாட்டில் மூன்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுங்கள். சிக்காத சாப்பாடு கட்டிக் கொடுங்கள். கூடச் சாப்பிடும் தோழி ஒருத்தியிடம் "ஏதாவது ஒட்டியிருந்தா கண்ணைக் காட்டு" என்று பிள்ளையே சொல்லிவைத்தால் பாதிக் கவலை போய்விடும்.

சாப்பிட்டபின் ஒவ்வொரு தடவையும் துலக்க வேண்டும், ஃப்ளூரைடு உள்ள பேஸ்டால். கம்பிக்கும் பல்லுக்கும் நடுவே சின்னப் பிரஷ் போக வேண்டும். துலக்காவிட்டால் பிராக்கெட்டைச் சுற்றி வெள்ளைத் தழும்பு விழும். கம்பி கழற்றியபின் பல் வரிசையாக இருக்கும், தழும்பும் இருக்கும்.

மேடையும் நாதஸ்வரமும்

சிதம்பரத்தைச் சுற்றி இருக்கும் பிள்ளைகளில் ஆடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் அதிகம். பரதம் ஆடும் பெண், "பல்லு தெரிஞ்சா எப்படி அபிநயம் பிடிக்கறது?" என்று கேட்பாள். 1981ல் தொடங்கிய சிதம்பரம் நாட்டியாஞ்சலி விழாவில் மகாசிவராத்திரிக்கு ஆட வேண்டியிருந்தால், புதிதாகக் கம்பி கட்டும் நாளை விழாவுக்குப் பின்னால் தள்ளிவையுங்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் தள்ள ஒன்றுமில்லை. குருவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும்.

நாதஸ்வரம் கற்கிற பையனுக்குச் சிரமம் கூடுதல். சீவாளியைச் சுற்றி உதடு இறுகும்போது உள்பக்கம் பிராக்கெட்டில் அழுந்தும். முதல் வாரம் வாசிப்பை நிறுத்திவைத்து, பிறகு மெழுகு ஒட்டிக்கொண்டு பத்து நிமிஷத்திலிருந்து கூட்டிக்கொண்டு போகலாம். நாதம் கொஞ்ச நாள் பிசகும். வாத்தியாருக்குத் தெரியாவிட்டால் திட்டுதான் கிடைக்கும். பெற்றோர் நேரில் போய்ச் சொல்ல வேண்டிய இடம் இது.

எட்டாம் மாதச் சலிப்பு

தொடக்கத்தில் பல் நகர்வது கண்ணுக்குத் தெரியும். பிறகு மாதம் ஒரு மில்லிமீட்டர் அளவில் மெதுவாகப் போகும். எட்டு, பத்து மாதத்தில் பிள்ளைக்கு வெறுத்துவிடும். ரப்பர் மாட்ட மறக்கும், பிராக்கெட் அடிக்கடி உடையும். திட்டுவதற்கு முன் "சலிப்பா இருக்கா?" என்று கேளுங்கள். முதல் நாள் எடுத்த படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

இந்தக் கட்டத்தில் பெற்றோர் செய்யும் பெரிய தவறு, செலவுக் கணக்கைப் பிள்ளை தலையில் ஏற்றுவது. "தோட்டை அடகு வெச்சுக் கட்டினேன், நீ இப்படிப் பண்றியே" என்று ஒரு தடவை சொன்னால், அன்றிலிருந்து அந்தப் பிள்ளைக்குத் தன் வாயே கடன் பத்திரமாகிவிடும். வலித்தாலும் சொல்லாது, உடைந்தாலும் மறைக்கும்.

கம்பி கட்ட வசதியில்லாத பிள்ளைகள் வீடியோவைப் பார்த்து, முன்பல் இடைவெளியை மூட ரப்பர் பேண்டைத் தாங்களே மாட்டிக்கொள்வதும் நடக்கிறது. அந்த ரப்பர் ஈறுக்குள் நழுவி வேர்வரை ஏறும். நல்ல பல்லே ஆடி விழலாம். வீட்டில் இதைப் பார்த்தால் உடனே பல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

பல்லைத் தாண்டிய வலி

கீழ்க்கண்டவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், விஷயம் கம்பியைத் தாண்டிவிட்டது என்று கொள்ளுங்கள்:

- தூக்கமும் சாப்பாடும் கெடுவது (முதல் வார வலி கணக்கில் இல்லை)
- பள்ளிக்குப் போக மறுப்பது, நண்பர்களை அடியோடு ஒதுக்குவது
- பிடித்த விளையாட்டையும் பாட்டையும் விட்டுவிடுவது
- நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கண்ணாடி முன் நின்று ஒரே பல்லைப் பார்ப்பது, அல்லது கண்ணாடியையே மூடிவைப்பது
- பிறர் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறையைப் பற்றி ஓயாமல் கேட்பது. "இல்லை" என்று எத்தனை தடவை சொன்னாலும் அடங்காதது

கடைசி இரண்டும் தனிக் கவனம் வேண்டுபவை. உருவத்தில் இல்லாத குறை, அல்லது அற்பக் குறை, மனசில் பூதாகாரமாகி ஆட்டிவைக்கும் நோய் ஒன்று உண்டு. பெரும்பாலும் பதின் வயதில்தான் அது தொடங்குகிறது. அப்படிப்பட்ட பிள்ளைக்குக் கம்பி கட்டினால் பல் நேராகும், கவலை மூக்குக்கோ தாடைக்கோ மாறும். முதலில் மனநல சிகிச்சை, பிறகே பல் என்பதுதான் சரியான வரிசை.

அண்ணாமலைநகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பல்லுக்குப் போகும் அதே வளாகம், அதே பஸ். "பைத்தியத்துக்குப் பாக்கற டாக்டரா?" என்று பிள்ளை கேட்டால், "பல்லு நொந்தா பல் டாக்டர், மனசு நொந்தா மனசு டாக்டர்" என்று சாதாரணமாகச் சொல்லுங்கள். மருந்து ஏதும் கொடுத்தால் பல் மருத்துவரிடமும் தெரிவியுங்கள். பிள்ளைக்குத் தாங்கவில்லை என்றால் கம்பியைச் சில மாதம் நிறுத்திவைக்க முடியுமா என்று கேட்பதில் தவறில்லை.

போனிலேயே பேச வேண்டுமென்றால், மத்திய அரசு 2022 அக்டோபர் 10ல் தொடங்கிய டெலிமானஸ் எண் 14416. தமிழில் பேசலாம், கட்டணமில்லை, ராத்திரியிலும் எடுப்பார்கள். தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண் 104, குழந்தைகளுக்கான உதவி எண் 1098. "செத்துப்போகலாம்னு தோணுது" என்ற பேச்சு வந்தால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் இல்லை. பிள்ளையைத் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். "இதுக்கெல்லாமா?" என்று கேட்காதீர்கள்.

கழற்றும் நாளுக்குப் பிறகு

கம்பி கழற்றியதும் சிகிச்சை முடிந்தது என்று நினைப்பவர்கள் பலர். பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்க ரீடெய்னர் கொடுப்பார்கள். மருத்துவர் சொல்லும் காலம்வரை, பெரும்பாலும் வருஷக் கணக்கில், ராத்திரியில் மாட்ட வேண்டும். கல்லூரி விடுதிக்குப் போகும் பெட்டியில் முதலில் வைக்க வேண்டிய பொருள் அது. வெந்நீரில் கழுவினால் வளைந்துவிடும். காகிதத்தில் சுற்றி வைத்தால் குப்பையோடு போய்விடும்.

கழற்றிய நாளில் பிள்ளை துள்ளலாம். ஒன்றும் சொல்லாமலும் இருக்கலாம். இரண்டு வருஷம் காத்திருந்த பிறகும் வாழ்க்கை அப்படியே இருக்கிறதே என்று சிலருக்கு ஏமாற்றம் வரும். தொடக்கத்தில் கேட்ட மூன்றாவது கேள்வியை இப்போது மறுபடி எடுங்கள். "அப்ப என்னவோ பண்ணுவேன்னு சொன்னியே, பண்ணலாமா?" அன்றைய பதில் கொய்யாப் பழம் என்றால், வாங்கிக் கொடுங்கள்.

குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைக்க

1. வீட்டில் பல் கேலி இன்றோடு நின்றது.
2. கம்பி யாருடைய ஆசை என்று கேட்டாகிவிட்டது.
3. தேர்வும் விழாவும் பார்த்து நாள் குறித்தாகிவிட்டது.
4. மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும் முறை: அம்மா ஒரு மாதம், அப்பா ஒரு மாதம்.
5. பள்ளிப் பையில் கண்ணாடி, பிரஷ், மெழுகு.
6. "நீதானே கேட்ட?", "எவ்வளவு செலவு தெரியுமா?" இரண்டும் பேசக்கூடாத வார்த்தைகள்.
7. எண்கள்: 14416, 104, 1098, 14417.
8. கம்பி கட்டியிருக்கும்போதே ஒரு குடும்பப் படம் எடுப்பது. பல் நேரான பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்க வேண்டாம். வாய் மூடியிருந்தாலும் சரி, கம்பி தெரிந்தாலும் சரி, அந்தப் படத்தைக் கூடத்தில் மாட்டுவது.